அம்மாவோடு பார்சிலோனா: நான்கு நாள் பயணமும் நான்கு மாத ஏற்பாடும்

2025 செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து பார்சிலோனா போய்வந்தேன். ஊர் பார்த்தது நான்கு நாள். அதற்காகக் காகிதக் கட்டோடு அலைந்தது நான்கு மாதம். அந்த அலைச்சலில் பாதி தேவையே இல்லாதது. எதை முதலில் செய்வது, எதைப் பொறுத்திருந்து செய்வது என்று தெரியாமல் வந்த அலைச்சல். முதல் முறை ஐரோப்பா போகிறவர்கள், அதிலும் வயதான அம்மா அப்பாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், நான் விழுந்த குழியில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

இது இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கானது. விலைகள் நாங்கள் போன சமயத்தில் இருந்தவை. போகும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். ரூபாய்க் கணக்குக்கு ஒரு யூரோ 105 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் கைக்கடக்கமாக இருக்கும்.

1. மாதத்தை முடிவு செய்யுங்கள்

மே, ஜூன், செப்டம்பர். இந்த மூன்றில் ஒன்று. ஜூலை, ஆகஸ்டில் வெயில் நம் ஊருக்கு ஒன்றும் பெரிதில்லை என்று தோன்றும். முப்பது டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் புழுக்கம் உண்டு, கூட்டம் நெரியும், ஹோட்டல் வாடகை ஏறும், ஆகஸ்டில் உள்ளூர்க்காரர்களின் சிறு கடைகள் பலவும் விடுமுறைக்கு மூடியிருக்கும். கடலில் இறங்க ஆசை என்றால் மே மாதம் வேண்டாம், தண்ணீர் சில்லென்று இருக்கும். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கிறது.

இரண்டு தேதிகளை மனதில் வையுங்கள். ஜூன் 23 இரவு சான்ட் ஜோவான் பண்டிகை. கடற்கரையில் விடிய விடிய பட்டாசும் சொக்கப்பனையும்தான். தூக்கம் வேண்டுமென்றால் அன்று கடற்கரைப் பக்கம் அறை எடுக்காதீர்கள். செப்டம்பர் 24-ஐ ஒட்டி லா மெர்சே என்ற ஊர்த் திருவிழா. மனிதக் கோபுரம் கட்டுவதெல்லாம் தெருவிலேயே இலவசமாகப் பார்க்கலாம். பிப்ரவரி கடைசி, மார்ச் தொடக்கத்தில் பெரிய மொபைல் மாநாடு ஒன்று நடக்கும். அந்த வாரம் அறை வாடகை பல மடங்கு ஏறுவதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

2. விசா தேதி கிடைக்கும் வரை விமானத்துக்குப் பணம் கட்டாதீர்கள்

நான் செய்த பெரிய தப்பு இதுதான். மே மாதமே மலிவாக இருக்கிறதே என்று பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டை ஜூலைக்கு எடுத்துவிட்டேன். அப்புறம் விசாவுக்கு அப்பாயின்ட்மென்ட் தேடினால் நான் விண்ணப்பிக்க நினைத்த மையத்தில் ஜூலை நடுவில்தான் இடம். தேதி மாற்றும் கட்டணம், விலை வித்தியாசம் என்று இரண்டு பேருக்கும் சேர்த்து இருபதாயிரத்துக்கு மேல் போனது.

சரியான வரிசை இது. விண்ணப்ப மையத்தின் தளத்தில் எந்தத் தேதி காலியாக இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அதை வைத்துப் பயணத் தேதியைக் குறியுங்கள். ரத்து செய்யக்கூடிய ஹோட்டல் முன்பதிவும், பணம் திரும்பக் கிடைக்கும் விமான முன்பதிவும் எடுத்து விண்ணப்பத்தோடு வையுங்கள். விசா கைக்கு வந்தபின் டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். விசாவுக்குக் கேட்பது போக வர முன்பதிவுதான், முழுப் பணம் கட்டிய டிக்கெட் கட்டாயமில்லை. அதற்காக இல்லாத பி.என்.ஆர் எண்ணோடு போலிச் சீட்டு அடித்துத் தரும் ஆட்களிடம் போகாதீர்கள். சரிபார்த்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

காலக் கணக்கு: ஷெங்கன் விசாவுக்கு (ஸ்பெயின் உட்பட ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா) பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கடைசி எல்லை, பயணத்துக்கு 15 நாள் முன்பு. முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் இருக்கிறது. கூடுதலாகப் பார்க்க வேண்டியிருந்தால் 45 நாள் வரை போகலாம். ஆகவே மூன்று மாதம் முன்பே அப்பாயின்ட்மென்ட் எடுத்துவிடுங்கள். கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் மொத்தமாக மோதுவார்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயதிலிருந்து 11 வரை 45 யூரோ, அதற்குக் கீழே இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் கட்டணம் திரும்பாது. பிரீமியம் லவுஞ்ச், எஸ்.எம்.எஸ், நகல் எடுப்பது என்று மையத்தில் கூடுதல் சேவைகளை நீட்டுவார்கள். எதுவும் கட்டாயமில்லை, அவற்றை வாங்கினால் விசா சீக்கிரம் வரும் என்பதும் இல்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கித் தருகிறேன் என்று சில ஆயிரம் கேட்கும் தரகர்களைப் பக்கத்தில் சேர்க்காதீர்கள். காலையிலும் மாலையிலும் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டே இருந்தால் யாராவது ரத்து செய்த இடம் வரும். எனக்குப் பின்னால் போன நண்பர் அப்படித்தான் பிடித்தார்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். பார்சிலோனா நான்கு நாள், பாரிஸ் இரண்டு நாள் என்றால் ஸ்பெயின். இரண்டிலும் சம நாள் என்றால் முதலில் நுழையும் நாடு.

3. ஆவணங்கள், அதிலும் நம் பெயர்கள்

பொதுவான பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான். பாஸ்போர்ட் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், ஐரோப்பாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குப் பின் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும், இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். 35-க்கு 45 மில்லிமீட்டர் அளவில் வெள்ளைப் பின்னணிப் படம். விண்ணப்பப் படிவம், எதற்காகப் போகிறோம் என்று விளக்கும் கடிதம், நாள்வாரியான திட்டம், ஹோட்டல், விமானம், இன்ஷூரன்ஸ், வங்கி ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு. வேலையில் இருப்பவர்கள் விடுப்பு அனுமதிக் கடிதமும் சம்பளச் சீட்டுகளும் சேர்க்க வேண்டும். அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை என்பதால் ஓய்வூதிய ஆணையும் அது வரவாகும் கணக்கின் ஸ்டேட்மென்ட்டும் வைத்தோம். செலவை நான் ஏற்கிறேன் என்று தனிக் கடிதமும் கொடுத்தேன். உறவுக்குச் சான்று தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பெயர் இருந்தது, அதுவே போதுமானதாக இருந்தது.

வங்கி ஸ்டேட்மென்ட் செயலியிலிருந்து இறக்கியதாக இருந்தாலும் கிளைக்குப் போய் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். மாதக் கடைசியில் போகாதீர்கள், அரை நாள் போய்விடும். விண்ணப்பிக்கும் முன் வாரம் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும் காகிதமும் சேருங்கள்.

எவ்வளவு பணம் காட்டுவது? ஸ்பெயின் இதற்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு, ஆளுக்கு ஒரு நாளைக்கு. 2025-ல் அது 118.40 யூரோ. எத்தனை குறைந்த நாள் தங்கினாலும் அந்த ஆண்டு ஆளுக்குக் குறைந்தது 1,065.60 யூரோ காட்ட வேண்டியிருந்தது. அதாவது 1.12 லட்சம் ரூபாய். சம்பளம் உயரும்போது இந்தத் தொகையும் உயரும்.

இனி பெயர் விஷயம். தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி, வடக்கே இருப்பவர்கள் எழுதிய வழிகாட்டிகளில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடைக்காது. அம்மாவின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் விரிவாகக் குடும்பப் பெயர் இடத்தில் இருக்கிறது. வங்கிக் கணக்கில் தாத்தாவின் இனிஷியல் முன்னால். ஆதாரில் அப்பாவின் இனிஷியல் பின்னால். ஓய்வூதிய ஆணையில் பெயருக்கும் இனிஷியலுக்கும் நடுவில் புள்ளி இல்லை. நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான். ஆனால் மத்ரித்திலிருந்தோ செவில்லிலிருந்தோ வந்து உட்கார்ந்திருக்கும் அதிகாரிக்கு இது நான்கு ஆள்.

நாங்கள் செய்தது: எல்லாப் பெயர் வடிவங்களையும் பட்டியலிட்டு, இவை அனைத்தும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரியிடம் ஒரு உறுதிமொழிப் பத்திரம் ஆங்கிலத்தில் வாங்கினோம். விளக்கக் கடிதத்திலும் ஒரு பத்தி எழுதினோம்: தமிழ்நாட்டில் குடும்பப் பெயர் வழக்கமில்லை, இனிஷியல் என்பது தந்தை அல்லது கணவர் பெயரின் முதல் எழுத்து, விரிவு இன்னது. அவசரம் இல்லாதவர்கள் ஆறு மாதம் முன்பே வங்கிக் கணக்கின் பெயரைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடி மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலியாக இருப்பவர்கள் விமான டிக்கெட் போடும்போதும் கவனம். தளம் இரண்டு கட்டங்களையும் நிரப்பச் சொல்லும். பல விமான நிறுவனங்கள் ஒரே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்கின்றன, சிலவற்றில் வேறு முறை. உங்கள் நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இனிஷியலைத் தோன்றியபடி விரித்து டிக்கெட்டில் போட்டுவிடாதீர்கள். டிக்கெட், விசா, இன்ஷூரன்ஸ் மூன்றிலும் எழுத்துக்கு எழுத்து பாஸ்போர்ட்டில் உள்ளதுதான் இருக்க வேண்டும்.

இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் அனைத்துக்கும், அவசர சிகிச்சையும் ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவும் சேர்த்து இருக்க வேண்டும். நான் எடுத்தது பார்சிலோனாவிலிருந்து கிளம்பும் தேதிக்கு முந்தைய நாளோடு முடிந்திருந்தது. தேதி எண்ணியதில் பிழை. கவுன்டரில் சுட்டிக்காட்டினார்கள். வெளியே உட்கார்ந்து போனிலேயே திருத்தி அச்செடுத்து வருவதற்குள் இரண்டு மணி நேரம் போயிற்று. சென்னை வந்து சேரும் நாளுக்குப் பிறகும் சில நாள் கூட்டி எடுங்கள். அறுபது தாண்டியவர்களுக்குப் பிரீமியம் கூடும். ஏற்கனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்தை மறைக்காமல் எழுதுங்கள்.

விசா ஒட்டி வந்ததும் அங்கேயே நின்று படியுங்கள். பெயர், பாஸ்போர்ட் எண், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எத்தனை நாள் தங்கலாம், ஒரு முறை நுழைவா பல முறையா. ஒரு முறை நுழைவு என்று இருந்தால் நடுவில் லண்டன் போய்விட்டுத் திரும்ப முடியாது. தேதி இடைவெளி ஒரு மாதமாக இருந்தாலும் தங்கும் நாள் என்ற கட்டத்தில் எட்டு என்று இருந்தால் எட்டு நாள்தான்.

4. தங்குமிடம்

எஷாம்ப்ளா பகுதியில் எடுங்கள். தெருக்கள் கட்டம் கட்டமாக நேராக இருக்கும், நடைபாதை அகலம், மெட்ரோ பக்கம், அம்மாவுக்கு ஏறி இறங்கும் வேலை இல்லை. கொஞ்சம் மலிவாக வேண்டுமென்றால் சான்ட் அன்டோனி, போப்ளே செக். கோதிக் பகுதியின் சந்துகள் பார்க்க அழகு. ஆனால் இரவில் கூச்சல், கட்டடங்கள் பழையவை, சிலவற்றில் லிஃப்ட் கிடையாது. வயதானவர்கள் இருந்தால் லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேளுங்கள். அங்கே முதல் மாடி என்று சொல்வது சில கட்டடங்களில் நம் கணக்குக்கு மூன்றாவது மாடியாக இருக்கும்.

செப்டம்பரில் சுமாரான மூன்று நட்சத்திர அறைக்கு ஓர் இரவுக்கு 150 யூரோ கொடுத்தோம். அது போக ஊர்வரி உண்டு. ஆளுக்கு, இரவுக்கு, ஹோட்டலின் தரத்தைப் பொறுத்துச் சில யூரோ. முன்பதிவுத் தொகையில் பெரும்பாலும் சேர்ந்திருக்காது, அறைக்குப் போனதும் கேட்பார்கள். இந்த வரி ஏறிக்கொண்டே போவதால் கையில் தனியாக வையுங்கள்.

வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் உரிம எண்ணைப் பாருங்கள். பார்சிலோனாவில் சுற்றுலா வீடுகளின் எண் எச்.யு.டி.பி என்று தொடங்கும். நான் முதலில் பிடித்த வீட்டுக்கு அந்த எண்ணே இல்லை, கேட்டதும் அந்த ஆள் பதில் போடுவதை நிறுத்திவிட்டார். நல்லவேளை, பணம் கட்டியிருக்கவில்லை. எங்கே தங்கினாலும் பாஸ்போர்ட் விவரம், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்பார்கள். அது அங்குள்ள சட்டம், பயப்பட வேண்டாம்.

5. நுழைவுச் சீட்டுகள்: விசா வந்த அன்றே

சக்ராதா ஃபமிலியா தேவாலயத்துக்கு வாசலில் சீட்டு விற்பதில்லை. இணையத்தில் மட்டும்தான், நேரம் குறித்து. 26 யூரோ. அவர்களுடைய சொந்தத் தளத்தில் வாங்குங்கள். தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் இடைத்தரகர் தளங்கள், விலை கூட.

நேரம் தேர்ந்தெடுப்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. கண்ணாடி ஜன்னல்கள் கிழக்குப் பக்கம் நீலமும் பச்சையும், மேற்குப் பக்கம் சிவப்பும் ஆரஞ்சும். காலையில் போனால் உள்ளே கடலடி போல இருக்கும், சாயங்காலம் போனால் தீ மூட்டியது போல. நாங்கள் மாலை ஐந்து மணிக்குப் போனோம். அம்மா ஒரு பெஞ்சில் உட்கார்ந்தவர் முக்கால் மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கல்தூண்கள் மேலே போய் மரக்கிளை மாதிரி பிரிவதையும் அதில் வெளிச்சம் நகர்வதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நாள் அலைந்ததெல்லாம் அந்த முக்கால் மணி நேரத்தில் எனக்கு மறந்துபோனது. இங்கே நேரத்தை நெருக்காதீர்கள், இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

கோபுரம் ஏற தனிக் கட்டணம். லிஃப்டில் ஏற்றிவிடுவார்கள், இறங்குவது குறுகலான சுழல் படியில் நடந்துதான். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேண்டவே வேண்டாம். தோள் மூடிய உடை அவசியம். புடவை, சுடிதார் பிரச்சினையில்லை.

பார்க் குவெல் 18 யூரோ, இதுவும் நேரம் குறித்துத்தான். மெட்ரோவில் லெசெப்ஸ் நிலையத்தில் இறங்கி நடந்தால் இருபது நிமிடம் மேடு ஏற வேண்டும். நகர நடுவில் உள்ள பிளாசா கத்தலூன்யா சதுக்கத்திலிருந்து 24-ஆம் எண் பேருந்து பூங்காவின் மேல்வாசல் பக்கம் கொண்டுபோய் விடும். அங்கிருந்து கீழே இறங்கிக்கொண்டே பார்க்கலாம். அம்மாவுக்காகவே அதில் போனோம்.

காசா பட்லியோ, லா பெத்ரேரா இரண்டும் கட்டடக் கலைஞர் கௌடி கட்டிய வீடுகள், உள்ளே போக ஒவ்வொன்றுக்கும் 25 யூரோவுக்கு மேல். இரண்டும் வேண்டாம், ஒன்று போதும் என்பது என் எண்ணம். நாங்கள் இரண்டையும் வெளியே நின்றுதான் பார்த்தோம், குறையாகத் தெரியவில்லை. பிக்காசோ அருங்காட்சியகம் மாதத்தின் முதல் ஞாயிறும் வியாழன் மாலையும் இலவசம். ஆனால் அதற்கும் முன்பதிவு வேண்டும், சில நாள் முன்புதான் திறப்பார்கள், சட்டென்று தீர்ந்துவிடும். திங்கட்கிழமை விடுமுறை.

6. பணமும் பெட்டியும்

விமானம் சென்னையிலிருந்து நேராக இல்லை. துபாய், தோஹா வழியாக ஒரு நிறுத்தத்தில் போகலாம். எங்களுக்குத் தேதி மாற்றுவதற்கு முன் ஆளுக்கு 62,000 ரூபாய். ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் குடிநுழைவுச் சோதனை அங்கேயே நடந்துவிடும். அடுத்த விமானத்துக்கு இரண்டு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

அங்கே யு.பி.ஐ கிடையாது, ஆனால் காபிக்குக்கூட கார்டு வாங்குகிறார்கள். யூரோ ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு ஒன்று, மாற்றாக ஒரு கிரெடிட் கார்டு, ரொக்கம் ஆளுக்கு 150 யூரோ போதும். கார்டு இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் எப்போதும் யூரோ. ரூபாயை அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விலையில் நூற்றுக்கு ஐந்தாறு ரூபாய் சத்தமில்லாமல் போய்விடும்.

பெட்டியில் நெய், பால்கோவா, பனீர் வைக்காதீர்கள். வெளிநாட்டிலிருந்து பால் பொருளும் இறைச்சியும் கொண்டுவர ஐரோப்பிய ஒன்றியத்தில் தடை. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் தாராளமாக எடுத்துப் போகலாம், கசியாமல் கட்டுங்கள். மருந்துகளை மருத்துவரின் ஆங்கிலச் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். நம் மூன்று முள் பிளக் அங்கே நுழையாது. மெல்லிய இரண்டு முள் போன் சார்ஜர் நுழையும், மின்னழுத்தமும் நம்முடையதே.

7. இறங்கிய நாள்

நாங்கள் போனபோது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தினார்கள். 2025 அக்டோபர் 12 முதல் அதற்குப் பதில் முகப்படமும் கைரேகையும் கணினியில் பதியும் முறை தொடங்கியிருக்கிறது. முதல் முறை போகிறவர்களுக்கு வரிசை நீளும். திரும்பும் டிக்கெட், ஹோட்டல், இன்ஷூரன்ஸ் மூன்றையும் அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். என்னிடம் எத்தனை நாள், எங்கே தங்குகிறீர்கள் என்று இரண்டே கேள்விதான் கேட்டார்கள்.

நகரத்துக்குப் போக முக்கியமாக நான்கு வழி. ஏரோபுஸ் பேருந்து ஆளுக்கு ஏழு யூரோவுக்குச் சற்று மேல், அரை மணி நேரத்தில் பிளாசா கத்தலூன்யா. டாக்ஸி கறுப்பு மஞ்சள் நிறம், 35 முதல் 40 யூரோ. மூன்று பேர் பெட்டியோடு இருந்தால் டாக்ஸியே நல்லது. மெட்ரோவுக்கு விமான நிலையத்துக்கென்று தனிச் சீட்டு. இவற்றில் ரயில்தான் மலிவு, ஆனால் அது இரண்டாம் முனையத்திலிருந்துதான் கிளம்புகிறது. வளைகுடா விமானங்கள் வந்து நிற்பது முதலாம் முனையம். இரண்டுக்கும் நடுவே இலவசப் பேருந்து ஓடுகிறது.

8. ஊருக்குள் சுற்ற

டி-கஷுவால் என்ற பத்துப் பயணச் சீட்டை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், 12.55 யூரோ. மெட்ரோ, பேருந்து, டிராம், நகருக்குள் ஓடும் ரயில் எல்லாவற்றிலும் செல்லும். 75 நிமிடத்துக்குள் ஒன்றிலிருந்து ஒன்று மாறினால் ஒரே பயணமாகக் கணக்கு. ஒரு சீட்டை இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தக் கூடாது. பழைய குறிப்புகளில் பகிரலாம் என்று இருக்கும், அது முன்பிருந்த வேறு சீட்டு. சோதனையில் மாட்டினால் அபராதம். விமான நிலைய மெட்ரோவுக்கும் இது செல்லாது, ஆனால் விமான நிலைய ரயிலுக்குச் செல்லும். சீட்டைப் பயணம் முடியும் வரை எறியாதீர்கள்.

நாள் கணக்கில் வரம்பில்லாமல் சுற்றும் ஓலா பார்சிலோனா அட்டையும் உண்டு. ஒரு நாளில் ஐந்தாறு முறை ஏறி இறங்குபவர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். எங்களுக்கு நான்கு நாளுக்கு ஆளுக்குப் பத்துப் பயணமே சரியாக இருந்தது.

9. நான்கு நாளை இப்படிப் பிரித்தோம்

முதல் நாள் பசெய்ச் டெ கிராசியா தெருவில் கௌடி வீடுகள், மதியம் அறையில் ஓய்வு, மாலை சக்ராதா ஃபமிலியா. இரண்டாம் நாள் காலை முதல் நேரத்தில் பார்க் குவெல், இறங்கி கிராசியா பகுதியில் சாப்பாடு, மாலை கடற்கரை. மூன்றாம் நாள் கோதிக் சந்துகள், எல் போர்ன் பகுதியில் சாந்தா மரியா தெல் மார் தேவாலயம், சியுதாதெல்லா பூங்கா. நான்காம் நாள் மொன்ஜுயிக் குன்று. அதற்குக் கேபிள் கார் வேண்டியதில்லை, பிளாசா எஸ்பான்யாவிலிருந்து 150-ஆம் எண் பேருந்து சாதாரணச் சீட்டிலேயே கோட்டை வரை போகிறது. இறங்கும் வழியில் தேசியக் கலை அருங்காட்சியகத்தின் படிக்கட்டில் சூரியன் சாயும் நேரத்தில் உட்காருங்கள். ஊர் முழுக்க காலடியில் தெரியும், காசு கிடையாது.

கடற்கரைக்குப் பார்சலோனெட்டாவை விட வடக்கே போகாதெல் நல்லது. கூட்டம் குறைவு, மணலும் சுத்தம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள். மணலில் புகைபிடிக்கத் தடை உண்டு. எல்லோரும் ஒரே நேரத்தில் தண்ணீரில் இறங்க வேண்டாம், ஒருவர் பையோடு உட்காரட்டும்.

மொன்செராத் மலைக்கும் ஒரு நாள் போய்வரலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஐந்தாவது நாள் இருந்தால் போங்கள். நான்கு நாளில் திணித்தால் எதையும் நிதானமாகப் பார்க்க முடியாது.

10. சாப்பாடு

மதியச் சாப்பாடு ஒன்றரை மணிக்கு மேல், இரவு எட்டரைக்கு மேல். நடுவில் நான்கு மணிக்குப் பசித்தால் பெரும்பாலான அடுப்புகள் அணைந்திருக்கும். வாரநாள் மதியங்களில் மெனு தெல் தியா என்று கேளுங்கள். இரண்டு பதார்த்தம், இனிப்பு, குடிக்க ஒன்று சேர்த்து 14 முதல் 18 யூரோ.

சைவக்காரர்களுக்கு: தக்காளி தேய்த்த ரொட்டி, சுட்ட கத்தரிக்காயும் குடைமிளகாயும் சேர்ந்த எஸ்கலிவாதா, உலர் திராட்சை போட்ட கீரைப் பொரியல், காரச் சாறு ஊற்றிய உருளைக்கிழங்கு பிராவாஸ், முட்டை சாப்பிடுபவர்களுக்கு டோர்த்தியா என்ற உருளைக்கிழங்கு ஆம்லெட். பொறி எங்கே என்றால் சாலட். காய்கறி சாலட் என்று வாங்கினால் மேலே சூரை மீன் தூவி வரும். சைவம் என்று மட்டும் சொல்லாமல் 'சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்' என்று மூன்றையும் சொல்லுங்கள்: கறி வேண்டாம், மீன் வேண்டாம், பன்றித் தொடை வேண்டாம்.

அம்மாவுக்கு இரண்டாம் நாளே தயிர்சாதம் தேடியது. சூப்பர் மார்க்கெட்டில் இனிப்பில்லாத கெட்டித் தயிரும் சூடுபடுத்தினால் போதும் என்று வேகவைத்த சாதக் கிண்ணமும் கிடைக்கின்றன, இரண்டும் சேர்த்து மூன்று யூரோகூட ஆகவில்லை. ஊறுகாய் பெட்டியில் இருந்தது. ராவல் பகுதியில் பாகிஸ்தான், வங்கதேசத்துக்காரர்களின் மளிகைக் கடைகள் நிறைய உண்டு, பச்சைமிளகாய் வரை வாங்கலாம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள்.

11. ஜேப்படி

அடிதடி பயம் இல்லை, ஜேப்படி பயம் உண்டு. லா ராம்ப்லா தெரு, சக்ராதா ஃபமிலியா மெட்ரோ, கூட்டமான மூன்றாம் மெட்ரோ தடம், கடற்கரை. முதுகில் ஏதோ எச்சம் பட்டிருக்கிறது என்று ஒருவர் துடைக்க வந்தால் பின்னால் இன்னொருவர் பையைத் திறந்துகொண்டிருப்பார். நன்றி சொல்லிவிட்டு நடந்துகொண்டே இருங்கள். போனைச் சாப்பாட்டு மேசையில் வைக்காதீர்கள். அசல் பாஸ்போர்ட் அறையின் பெட்டகத்தில் இருக்கட்டும், நகலோடு சுற்றுங்கள். அம்மாவின் தங்கச் சங்கிலியை வீட்டிலேயே விட்டுவந்தோம், அந்த ஒரு வேலையைச் சரியாகச் செய்தேன்.

பாஸ்போர்ட் தொலைந்தால் முதலில் காவல் நிலையத்தில் தெனுன்சியா என்ற புகார்ச் சீட்டு வாங்க வேண்டும். அது இல்லாமல் இன்ஷூரன்ஸும் நகராது, தூதரக வேலையும் நகராது. இந்தியத் தூதரகம் மத்ரித்திலும் துணைத் தூதரகம் பார்சிலோனாவிலும் இருக்கின்றன. அவசர எண் 112.

12. கிளம்பும் நாள்

ஏதாவது பொருள் வாங்கியிருந்தால் கடையிலேயே பாஸ்போர்ட் விவரம் கொடுத்து வரி திரும்பப் பெறும் படிவம் கேட்டு வாங்குங்கள். ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது, இருபது யூரோ செருப்புக்கும் கேட்கலாம். விமான நிலையத்தில் தீவா என்ற இயந்திரத்தில் படிவத்தை ஸ்கேன் செய்த பிறகுதான் பெட்டியைப் போட வேண்டும், பொருளைக் காட்டச் சொன்னால் அது கையில் இருக்க வேண்டுமே. பெட்டி, பாதுகாப்புச் சோதனை, அப்புறம் பாஸ்போர்ட் சோதனை என்று மூன்று வரிசை. மூன்று மணி நேரம் முன்பே போய்விடுங்கள். பெட்டி போடும்போதே சக்கர நாற்காலிக்குச் சொல்லலாம் என்று நினைக்காதீர்கள். டிக்கெட் எடுக்கும்போதே பதிந்துவிட்டு, கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு மறுபடி உறுதி செய்யுங்கள், கட்டணம் இல்லை.